ரிப்பேர் கடை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் மிக்சி, ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பத்து சாமான் வந்தால் அதில் இரண்டு மூன்று, கழற்றவே தேவையில்லாத சாமானாக இருக்கும். ஃபிரிட்ஜை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, குட்டி யானைக்கு வாடகை கொடுத்துக் கொண்டுவந்த பிறகு, வீட்டுப் பிளக் பாயின்ட்தான் தளர்ந்திருந்தது என்று தெரியும்போது எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அதனால் வாசலில் நின்று எல்லோரும் கேட்கிறதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாமான் திடீரென்று நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கி வருமுன் என்ன பார்க்கலாம்?

வேறு அறையில், நன்றாக வேலை செய்கிற பாயின்டில் அதைச் சொருகிப் பாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய பாயின்டில் செல்போன் சார்ஜரைச் சொருகி, சார்ஜ் ஏறியதும் பாயின்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சார்ஜர் இழுக்கிற கரன்ட் சொற்பம். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து நூலளவு தொட்டுக்கொண்டிருக்கிற பாயின்ட்கூட அதற்குப் போதும். மிக்சிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போதாது.

அடுத்து பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் உப்புக்காற்று. பித்தளைப் பின்னில் பச்சை பூத்துவிடும். அது கரன்டைத் தடுக்கும், தடுக்கிற இடம் சூடாகும், சூட்டில் பிளாஸ்டிக் கருகும். வெறும் பச்சை என்றால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் சரியாகிவிடும். கருகல் இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சேர்த்துக் கருக்கும்.

அப்புறம் வயர். அயர்ன் பாக்ஸில் வயர் உள்ளே நுழைகிற கழுத்தில்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். மடித்து நீட்டி, மடித்து நீட்டி, உள்ளே இருக்கிற செம்பு நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. வயரை அசைத்தால் லைட் விட்டு விட்டு எரிகிறதென்றால் அதுதான். அந்த நிலையில் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், வயரையே மாற்றிவிடுங்கள்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. எந்தச் சாமானால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்.சி.பி. என்பது கரன்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுகிற போர்டு சுவிட்ச். எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு அதைத் தூக்குங்கள். ஒன்றுமே சொருகாமல் விழுந்தால் கோளாறு வயரிங்கில்; எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை ஓரமாக வையுங்கள். விழுகிற எம்.சி.பி.க்குப் பதில் பெரிய ஆம்பியர் எம்.சி.பி. மாட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். சுவருக்குள் இருக்கிற வயர் அதே பழைய வயர்தான், அது எரியும்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

காசிமேட்டில் ஒரு வீடு. ஃபிரிட்ஜ் முன்னால் ரப்பர் மேட் போட்டிருந்தார்கள். "மேட் மேலே நின்னா ஷாக் அடிக்காது தம்பி" என்றார் அந்த அம்மா. எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாலிருந்து." அப்போது பங்குனி. அவர்கள் வீட்டில் நடக்கப் பழகுகிற பேரக்குழந்தை இருந்தது. ஃபிரிட்ஜின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தார்கள். சுவர்ப் பெட்டியைத் திறந்தால், எர்த்துக்கு வந்த பச்சை வயர் எதிலும் மாட்டாமல் சுருட்டி மூலையில் திணித்துக் கிடந்தது. வயரிங் போட்டவர் எர்த் எதற்கு என்று விட்டுவிட்டார்.

பிளக்கின் மூன்றாவது பின், பெரிதாகவும் நீளமாகவும் இருப்பது, எர்த். உள்ளே கரன்ட் கசிந்து உடம்புத் தகட்டுக்கு வந்தால், அது உங்கள் வழியாகப் போகாமல் அந்தப் பின் வழியாகத் தரைக்குப் போகும். பின் இல்லையென்றால் நீங்கள் தொடுகிறவரை கரன்ட் காத்திருக்கும். ஈரத்தரை, வெறுங்கால் என்றால் கேட்கவே வேண்டாம்.

எர்த் இருந்தால் மட்டும் போதாது. எம்.சி.பி. உங்கள் உயிரைக் காப்பாற்றாது, வயரைத்தான் காப்பாற்றும். 6 ஆம்பியரோ 16 ஆம்பியரோ தாண்டினால்தான் அது விழும். மனிதனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்கிறது, பலர் பழைய பெயரில் இ.எல்.சி.பி. என்பார்கள். வீட்டுக்குள் போகிற கரன்டும் திரும்பி வருகிற கரன்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண்ணிமைக்கிற நேரத்துக்குள் துண்டித்துவிடும். அதன்மேல் 'டெஸ்ட்' என்று சின்னப் பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

வாடகை வீடு, ஓனர் செய்து தர மாட்டேன் என்கிறார் என்று பலர் சொல்கிறார்கள். அந்த நிலைமை எனக்குப் புரிகிறது. அப்படியானால் ஒரு மாதம் வேறு செலவைத் தள்ளிவைத்தாவது இதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டினால் போதாதா?

கூடாது. இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக், எர்த் பிடிக்காது. இரும்புக் குழாயாக இருந்தால் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கசிந்து, கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறக்கும்போது அவருக்கு ஷாக் அடிக்கும். எர்த்துக்குத் தனிக் குழி வேண்டும். நம் மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே உப்பு, குழிக்குள் இருக்கிற இரும்புக் குழாயைத் தின்றுவிடும். இருபது வருடத்துக்கு முன் போட்ட எர்த் என்றால், இருக்கிறதா இல்லையா என்று ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது, பட்டென்று நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டதா?

மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு சின்னப் பித்தான் இருக்கும். லோடு அதிகமானால் அது வெளியே குதித்து மோட்டாரைக் காப்பாற்றும். பிளக்கை உருவிவிட்டுப் பத்து நிமிடம் ஆற விட்டு, பித்தானை உள்ளே அமுக்கிவிட்டுப் போடுங்கள். வாரத்தில் நாலு பேராவது இதற்காகக் கடைக்கு வருகிறார்கள். நான் பித்தானை அமுக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன், காசு வாங்குவதில்லை.

ஆனால் பித்தான் அடிக்கடி குதித்தால் காரணம் தேடுங்கள். ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் போடுவது, இட்லி மாவைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது, ஊறாத பருப்பு, இவைதான் பொதுவானவை. ஜாரைத் தனியாக எடுத்து, அடியில் இருக்கிற கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். கையாலேயே கஷ்டமாக இருந்தால் ஜார் புஷ், அதாவது பிளேடு தண்டைத் தாங்குகிற வளையம், ஜாம் ஆகியிருக்கிறது. மோட்டார் அதோடு மல்லுக்கட்டுகிறது.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டார் பக்கத்துக் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். அதை நீங்களே மாற்றலாம், விலையும் குறைவு. பிளக்கை உருவிவிடுங்கள். அடிப்பக்கம் ஷாஃப்ட் நுனியில் ஸ்க்ரூ டிரைவர் பதிகிற வெட்டு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே கப்ளரைத் திருப்ப வேண்டும். திசைதான் முக்கியம். ஓடும்போது தானாக இறுகும்படி மரை போட்டிருப்பார்கள். அதனால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மறுபக்கம் முறுக்கி ஷாஃப்டையே வளைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ஓடும்போது உள்ளே நிறையப் பொறி பறந்து, கருகின வாசனை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. கொஞ்சம் பொறி வருவது இயல்பு. பிரஷ்ஷைச் சீக்கிரம் மாற்றினால் செலவு சின்னது. விட்டுவிட்டால் மோட்டாருக்குள் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சர் போகும், அப்போது புது மிக்சி விலையில் பாதி கேட்கும்.

ஜாரின் அடியில் கறுப்பாக ஒழுகுகிறது.

புஷ் தேய்ந்துவிட்டது. உலோகத் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்த கறுப்பு அது. சட்னியிலும் கலக்கும். உடனே மாற்றுங்கள்.

2011-ல் அரசாங்கம் கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் இன்னும் இருக்கிறது. அதற்குச் செலவு செய்யலாமா?

தாராளமாக. அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் ஆரம்பித்தது. இன்றைக்கும் வியாசர்பாடியிலிருந்தும் எருக்கஞ்சேரியிலிருந்தும் அந்தக் கிரைண்டர்கள் என் கடைக்கு வருகின்றன. பெரும்பாலும் பெல்ட்தான் தளர்ந்திருக்கும், அல்லது மாவுத் தண்ணீர் கசிந்து பெல்ட்டில் பட்டு வழுக்கும். பெல்ட்டைத் துடைத்து உலர்த்தினாலே பாதி கிரைண்டர் ஓடிவிடும். மிக்சிக்கு மட்டும் ஒரு யோசனை: மோட்டார் எரிந்துபோயிருந்தால் விட்டுவிடலாம். கப்ளர், பிரஷ், சுவிட்ச் அளவில் இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது.

ஒரே ஒரு ஃபேன்தானா, எல்லா ஃபேனுமா? வீடு முழுக்க மெதுவாக என்றால் அது லோ வோல்டேஜ். கோடை ராத்திரியில் தெருவே ஏ.சி. போடும்போது வருவது. ஃபேனைக் கழற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் என்றால் கண்டென்சர், அதாவது மோட்டார் சுற்ற உதவுகிற சின்னக் கெபாசிட்டர். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். வருடங்கள் போகப்போக அதன் அளவு குறையும், ஃபேனும் தளரும். முழுக்கப் போய்விட்டால் ஃபேன் உம்மென்று முனகும், குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றும். பழைய கண்டென்சரில் எழுதியிருக்கிற அதே அளவை வாங்குங்கள். பெரியதாகப் போட்டால் காற்று அதிகம் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கிற செம்புச் சுருள், அதாவது வைண்டிங், சூடாகி எரிவதுதான் மிச்சம். மாற்றும்போது சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு ஏறாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சைக் கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள், நிறுத்தினாலும் ஃபேனில் கரன்ட் இருக்கும். எம்.சி.பி.யை இறக்குங்கள்.

ஏணியில் ஏறியதுதான் ஏறினீர்கள், இன்னொன்றையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். மேல் கிண்ணத்தைக் கீழே இறக்கினால், ஃபேன் கம்பி கொக்கியில் தொங்குகிற இடத்தில் ஒரு போல்ட், நட்டு, நட்டு கழலாமல் இருக்க வளைத்துவிட்ட ஸ்பிலிட் பின், ரப்பர் ரீல் ஆகியவை தெரியும். என் மேஜைமேல் ஒரு போல்ட் வைத்திருக்கிறேன். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து எடுத்தது. இரண்டு ஓரமும் விரல் கனம், நடுவில் துருத் தின்று தீக்குச்சி அளவு. அந்த ஃபேனுக்குக் கீழேதான் மூன்று குழந்தைகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடலோர வீடு என்றால் வருடம் ஒருமுறை, வெயில் காலத்துக்கு முன்னால், இதைப் பாருங்கள். போல்ட்டும் பின்னும் மாற்ற ஆகிற செலவு ஒரு டிபன் செலவு.

ஃபிரிட்ஜ் கூலிங் இல்லை. கேஸ் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம், ஆனால் கடைசியாக நம்ப வேண்டியது அது. ஃபிரிட்ஜ் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில வாரத்தில் மறுபடி கூப்பிடுவீர்கள். எங்கே லீக் என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

அதற்குமுன் நீங்களே பார்க்க வேண்டியவை. கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ரப்பரை ஒத்தி, இழுத்துவிட்டால் பல நேரம் பழைய வடிவத்துக்கு வரும். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா? சூடு வெளியேற நாலு விரல் இடமாவது வேண்டும். பின்பக்கம் கம்பி வலை இருந்தால் அதில் தூசு படிந்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசும் சேரும். பிளக்கை உருவிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் உறைகிறது, கீழே மட்டும் குளிரவில்லை என்றால் காற்றுப் பாதையில் ஐஸ் அடைத்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க நிறுத்தி, கதவுகளைத் திறந்து வையுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடி, மறுபடி அதே கோளாறு வந்தால் ஐஸை உருக்குகிற ஹீட்டரோ அதன் சென்சாரோ போயிருக்கிறது. இதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். நான் பார்த்த லீக்குகளில் பெரும்பங்கு கத்திக் குத்துதான்.

ஃபிரிட்ஜின் இரண்டு பக்கத் தகடும் சுடுகிறது. ஆபத்தா?

இல்லை. புது மாடல்களில் சூட்டை வெளியேற்றுகிற குழாயைப் பக்கத் தகட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். சுட்டால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

புது கேஸ் தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பின்பக்கம் கீழே இருக்கிற கம்ப்ரசர்மேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். ஆர்134ஏ என்றிருந்தால் பழைய வகை, எரியாது. ஆர்600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. மொத்தமே சில பத்து கிராம்தான் உள்ளே இருக்கும், சாதாரணமாக ஓடுகிற ஃபிரிட்ஜால் ஆபத்து இல்லை. பார்க்க வேண்டியது ரிப்பேர் நேரத்தில். உள்ளே இருக்கிற கேஸை முழுக்க வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவைத்த பிறகுதான் குழாயில் நெருப்பு வைக்க வேண்டும். கேஸைத் தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். தராசு கொண்டுவராமல் கைக்கணக்கில் ஏற்றுகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கரன்ட் போய் வந்ததும் ஃபிரிட்ஜ் டிக் டிக் என்கிறது, ஓடவில்லை.

உடனே நிறுத்துங்கள். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடம் தேவை. அப்புறம் போடுங்கள். அப்போதும் டிக் டிக் என்றால் வோல்டேஜைப் பாருங்கள், அதுவும் சரியென்றால் கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்கிற ரிலே. ரிலே சின்னப் பொருள். கம்ப்ரசரே போய்விட்டது என்று பயமுறுத்தினால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சில லைட் அதிகப் பிரகாசமாக எரிகிறது, சில லைட் மங்குகிறது.

படித்துக்கொண்டிருக்கிறதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். நியூட்ரல் அறுந்திருக்கிறது. நாலைந்து குடித்தனம் சேர்ந்திருக்கிற வீட்டில், கரன்ட் வருகிற மூன்று ஃபேஸ் வயரையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பொது நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 350க்கு மேல்கூடப் போகும். டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் ரொம்ப மெதுவாக ஏறுகிறது.

பைப் சேருகிற இடத்தில் சின்ன வலை இருக்கும். குழாயை மூடிவிட்டு ஹோஸ் பைப்பைக் கழற்றி, வலையைக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். துருவும் மணலும் அடைத்திருக்கும். காட்டுப்பள்ளியில் 2010-ல் ஆரம்பித்த ஆலை, கடல்நீரைச் சுத்தம் செய்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் அளவுள்ளது. வடசென்னைக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் அதைக் கட்டினார்கள். அந்த மெட்ரோ தண்ணீரால் மெஷினுக்குக் கெடுதல் இல்லை. போர் தண்ணீரின் உப்புதான் படிகிறது. போர் தண்ணீரையே ஊற்றுகிற வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல், நூறு கிராம் எலுமிச்சை உப்பு போட்டுச் சுடுதண்ணீரில் ஓட்டுங்கள்.

தண்ணீர் வெளியே போகவில்லை என்றால், முன்பக்கம் துணி போடுகிற மெஷினில் கீழே ஒரு மூடி இருக்கும். அடியில் தட்டு வைத்துவிட்டுத் திறங்கள். ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு, குழந்தையின் சாக்ஸ், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மோட்டார் உம்மென்கிறது, தண்ணீர் ஏற்றவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு இப்படி.

பத்து நாள் ஓடாமல் இருந்ததில் உள்ளே துருப் பிடித்து ஒட்டிக்கொண்டது. கரன்டை நிறுத்திவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியின் நடுவில் தெரிகிற ஷாஃப்ட் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்புங்கள். முதலில் இறுக்கமாக இருக்கும், பிறகு சடக்கென்று விடும். நாலைந்து சுற்று சுற்றிவிட்டுப் போடுங்கள். முனகிக்கொண்டிருக்கும்போதே ஓடும் ஓடும் என்று விட்டுவைத்தால் வைண்டிங் எரியும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஹீட்டர் கம்பி உபயோகிக்கலாமா?

மூன்று பின் பிளக், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஆர்.சி.சி.பி. மூன்றும் இருந்தால் சரி. பிளாஸ்டிக் பக்கெட்டில், ஓரத்தில் படாமல், கோடு வரைக்கும் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கத்தால் உயிர் போயிருக்கிறது. சுவிட்சை நிறுத்தி, பிளக்கை உருவி, அப்புறம்தான் கை. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற இடத்தில் இந்தக் கம்பி இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

வெள்ளத்தில் நனைந்த சாமானைக் காப்பாற்ற முடியுமா?

நிறையக் காப்பாற்றலாம், அவசரப்படாமல் இருந்தால். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நாங்கள் ராப்பகலாக இந்த வேலைதான் பார்த்தோம். தண்ணீர் பட்டதைவிட, வடிந்ததும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்ததால் எரிந்த மோட்டார்தான் அதிகம்.

தண்ணீர் நிற்கும்போது மெயின் போர்டுப் பக்கம் போகாதீர்கள். வெளியிலிருந்து மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்தால், தெருவில் கரன்ட் இல்லாவிட்டாலும் உங்கள் வயரிங்கில் கரன்ட் இருக்கும், மறக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே அதை நிறுத்திவிடுவது நல்லது.

வடிந்த பிறகு மிக்சி, ஃபேன், மோட்டார், வாஷிங் மெஷின் மோட்டார் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று கேட்பார்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் உப்பும் சேறும் இருக்கின்றன. அப்படியே காய்ந்தால் உப்பு உள்ளே தங்கி, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும், செம்பைத் தின்னும். கழுவி, நிழலும் வெயிலுமாக மூன்று நாலு நாள் காயவைத்து, பிறகு மெகர், அதாவது கரன்ட் கசியுமா என்று காட்டுகிற மீட்டர், வைத்து அளக்க வேண்டும். வைண்டிங்குக்கும் உடம்புக்கும் நடுவில் குறைந்தது 1 மெகாஓம் காட்டினால்தான் கரன்ட் கொடுப்பேன். காட்டாவிட்டால் இன்னும் இரண்டு நாள் வெயில்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் முழுக்க மூடியது, தண்ணீர் போகாது. அதன் பக்கத்தில் இருக்கிற ரிலேயும் வயர் முனைகளும்தான் போகும். ஆனால் தகட்டுக்கு நடுவில் இருக்கிற ஃபோம் சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் நாற்றம் போகாது. அதைச் சொல்லிவிடுவேன், முடிவு உங்களுடையது.

2023-ல் எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்தச் சாமான்களைத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவி ஒன்றும் ஆகவில்லை. கையை வைத்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். வயர்மேல் இருக்கிற ரப்பர் ஊறி உப்பிவிட்டது. வயர்களை மொத்தமாக மாற்றினோம், தகடுகளைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தோம். எண்ணெய் பட்ட ரப்பர் வயரை நம்பாதீர்கள், காய்ந்து நன்றாகத் தெரிந்தாலும்.

மெக்கானிக் ஏமாற்றாமல் இருக்க என்ன செய்வது?

மூன்று வார்த்தை போதும்: "பழைய பார்ட்ஸைக் கொடுங்க." வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மாற்றியது உண்மையென்றால் கையில் கொடுப்பார். பில்லில் பார்ட்ஸ் பெயர், விலை, கூலி தனித்தனியாக இருக்கட்டும். போர்டு போய்விட்டது என்றால் எழுதி வாங்கிக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவிலோ வேறு சர்வீஸ் கடையிலோ விசாரியுங்கள். பல போர்டில் ஒரு கெபாசிட்டரோ ரிலேயோதான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரன்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீடியோ பார்த்து நானே பிரிக்கலாமா?

மிக்சிக் கப்ளர், ஃபேன் கண்டென்சர், கிரைண்டர் பெல்ட், வாஷிங் மெஷின் வலை, பிளக், வயர் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகள் கடைக்கு வந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிற கெபாசிட்டர் இருக்கிறது, பிளக்கை உருவிய பிறகும் அது கரன்டைப் பிடித்து வைத்திருக்கும். ஃபிரிட்ஜின் கேஸ் குழாயிலும் கை வைக்க வேண்டாம். மற்றபடி, எதைத் திறந்தாலும் வயரைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி மாட்ட முடியாமல் கடைக்குக் கொண்டுவந்தால் அந்தப் போட்டோவையும் காட்டுங்கள்.